கூடுதலாக ஒரு கை சோடா

என் வீட்டுக்காரரின் சட்டையைக் கொடியில் காயப்போட்டுவிட்டு, அதன் அடியிலேயே நின்று அண்ணாந்து பார்ப்பது எனக்கு ஒரு வியாதியாகவே ஆகிவிட்டிருந்தது. பக்கத்து வீட்டு மொட்டைமாடியிலும் ஒரு வெள்ளைச் சட்டை தொங்கும். அது அந்த வீட்டு வாத்தியாருடையது. அதையும் இதையும் மாறி மாறிப் பார்ப்பேன். அது வெள்ளை. இது ஏறக்குறைய வெள்ளை. அந்த ஏறக்குறையில் எனக்குச் சோறு இறங்காது.

ஒரு சட்டைக்காக இப்படியா என்று கேட்பீர்கள். விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பாளையம்பட்டியில் எங்களுக்கு இருபத்திரண்டு வருடம் பலசரக்குக் கடை இருந்தது. அதை மூடினோம். மூடிய கதைக்குள் போகவில்லை, போனால் எனக்கு ஆத்திரம்தான் வரும். ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு வேறு தொழில் தெரியாது. அருப்புக்கோட்டையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அவருடைய ஒன்றுவிட்ட சித்தப்பா மகன்தான் வீட்டுக்கு வந்து கூப்பிட்டார்.

"அண்ணே, வேட்டி சட்டைப் பக்கம் முன்னால ஒக்காருங்க. சுத்துப்பட்டு ஊரெல்லாம் ஒங்களுக்கு ஆளு தெரியும். வெள்ளையும் சொள்ளையுமா வந்து ஒக்காந்தீகன்னாப் போதும்."

தன்னைவிட எட்டு வயது இளையவரிடம் சம்பளத்துக்குப் போவது எங்கள் ஆட்களுக்குச் சின்ன விஷயம் கிடையாது. ஆனால் மகள் மதுரையில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அவர் சரி என்றார். வாசலில் நுழைந்ததும் இடது கைப்பக்கம், கண்ணாடிக் கதவை ஒட்டிய இடம் அவருக்கு. கல்யாணத்துக்கு வேட்டி எடுக்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அவரைத்தான். வேட்டி விற்கிறவர் வேட்டியே மங்கலாக இருந்தால் யார் வாங்குவார்கள்? அந்த இடம் உறவுக்காகக் கொடுத்த இடம். உறவுக்காகக் கொடுத்ததை எப்போது வேண்டுமானாலும், ஒரு சிரிப்போடு, திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அந்த இடம் போனால் சம்பளம் போகும், சம்பளம் போனால் மகள் படிப்பு பாதியில் நிற்கும். இது என் தலைக்குள் பகலெல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது சோப்பு. சோப்புப் பவுடரைக் காசு கொடுத்து வாங்குவது எனக்குப் புதுப் பழக்கம். கடை இருந்தவரை அலமாரியில் இருந்து ஒரு பாக்கெட்டை உருவிக்கொண்டு வருவேன், அவர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பார். இப்போது இன்னொருவர் கடையில் போய் நின்று விலை கேட்டபோது வயிறு எரிந்தது. தினம் ஒரு வேட்டி, ஒரு சட்டை, ஒரு பனியன், ஒரு துண்டு. எங்கள் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. அதில் எவ்வளவு பவுடரைக் கொட்டினாலும் நுரை எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும். ஒரு கிலோ பத்து நாள்கூட வரவில்லை. கடைக்குப் போய்ப் பவுடர் வாங்குகிற ஒவ்வொரு தடவையும், நான் என்னவோ திருடப் போகிறவள் மாதிரி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போவேன்.

மகளிடம் போனில் புலம்பினேன். அவள் ஒரு வீடியோ அனுப்பினாள். ஒரு அம்மா, பளபளவென்ற அடுப்படியில் நின்றுகொண்டு, துணி துவைக்கிற சோப்புத் தண்ணீரை வீட்டிலேயே காய்ச்சுகிறார். சோப்புக் கட்டியைத் துருவ வேண்டும், கொதிக்கிற தண்ணீரில் கரைக்க வேண்டும், சலவை சோடா போட்டுக் கிண்ட வேண்டும், மூடி வைத்தால் மறுநாள் கூழ் பதத்தில் இருக்கும். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏனென்றால் கடையைக் காலி செய்தபோது விற்காமல் நின்றுபோன மஞ்சள் சோப்புக் கட்டி இரண்டு பெட்டியும், அரை மூட்டை சலவை சோடாவும் எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் அப்படியே கிடந்தன. அதாவது செலவே இல்லை.

கேரட் துருவுகிற துருவியில் நான்கு கட்டியைத் துருவினேன். கை கழன்றது. அடுப்பில் பெரிய அண்டாவை வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். தப்பு அங்கேதான் நடந்தது, ஆனால் அது தப்பு என்று எனக்குத் தெரிய நான்கு மாதம் ஆயிற்று. எங்கள் வீடுகளில் இரண்டு தண்ணீர் உண்டு. வண்டியில் வரும் நல்ல தண்ணீரைக் குடம் குடமாக விலைக்கு வாங்குவோம். அது குடிக்க, சோறு பொங்க. மீதி எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர். விருந்தாளி யாராவது நல்ல தண்ணீரில் கை கழுவிவிட்டால், வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டோம், ஆனால் அந்த விருந்தாளியை மறக்கவும் மாட்டோம். அப்படிப்பட்ட தண்ணீரைச் சோப்புக் காய்ச்ச ஊற்றுவது என்ற நினைப்பே என் மண்டையில் உதிக்காது. அந்த வீடியோ அம்மாவின் ஊரில் எல்லாத் தண்ணீரும் ஒரே தண்ணீராக இருந்திருக்கும். "தண்ணீர் ஊற்றுங்கள்" என்றார். எந்தத் தண்ணீர் என்று சொல்லவில்லை. நான் போர் தண்ணீரை ஊற்றினேன்.

துருவிய சோப்பு கரையவில்லை. திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாக மேலே வந்து மிதந்தது. நான்கு கட்டி சோப்பு வீணா? அவர் கேட்டால் என்ன சொல்வது? வீடியோவை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் சோடாதான் காணாது என்று நானாகவே முடிவுகட்டி, ஒரு கை அள்ளிப் போட்டேன். இன்னொரு கை. கட்டிகள் கொஞ்சம் இளகின. மறுநாள் பார்த்தால் கூழாக இல்லாவிட்டாலும், மோர்க்குழம்பு பதத்தில் ஏதோ ஒன்று இருந்தது. பழைய எண்ணெய் டின்னில் ஊற்றி வைத்துக்கொண்டேன்.

முதல் மாதம் துணி அழுக்குப் போயிற்று, ஆனால் வெளுக்கவில்லை. சட்டை ஒரு மாதிரி பழுத்துப்போய் இருந்தது. நான் கொடியின் கீழ் நிற்க ஆரம்பித்தது அப்போதுதான். ஒருநாள் வேலையில் இருந்து வந்தவர் சாப்பிட்டுக்கொண்டே பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

"இன்னைக்குத் தம்பி கேட்டான். என்னண்ணே, சட்டை கொஞ்சம் மங்கலா இருக்கேன்னு."

"நீங்க என்ன சொன்னீக?"

"என்னத்தச் சொல்ல? வெயிலு அப்படித் தெரியுதுன்னேன்."

அவர் அதோடு மறந்துவிட்டு ரசத்துக்குக் கை நீட்டினார். நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே தம்பி கேட்ட விதத்தைத் துருவ ஆரம்பித்தேன். சிரித்துக்கொண்டு கேட்டாரா, முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டாரா? பக்கத்தில் ஆள் இருந்ததா? எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. "ஏய், சோத்தப் போடு" என்றார்.

மறுநாள் காய்ச்சும்போது வெள்ளைத் துணிக்கென்று தனியாக ஒரு டின் எடுத்து வைத்து, அதில் சோடாவை இரண்டு மடங்காக்கினேன். ஊறப்போடும் வாளியில் கூடுதலாக ஒரு கை, அதையும் அப்படியே தூவினேன். கடைசி அலசில் நீலம். என் சேலைக்கு அந்த டின்னைத் தொடவில்லை, சாயம் போய்விடும் என்று பயம். அவருடைய துணிக்கு மட்டும்தான் அந்த ராஜ உபசாரம். அந்த வெயில் காலத்தில் போரிலும் தண்ணீர் விட்டு விட்டுத்தான் வந்தது. மூன்று அலசு அலசுவதை இரண்டாக்கினேன். அதுவும் ஒரு மிச்சம்தானே?

நான்காம் நாள் கொடியைப் பார்த்தேன். வாத்தியார் சட்டை தோற்றுப்போயிற்று. நிஜமாகவே கண் கூசியது. நான் தனியாக நின்று சிரித்தேன். ராத்திரி அவருக்குச் சோறு போடும்போதும் அந்தச் சிரிப்பு போகவில்லை. வாத்தியார் சம்சாரம் சுவரின் மேல் எட்டிப் பார்த்து, "என்னக்கா போடுறீக? எனக்கும் ஒரு பாட்டில் குடுங்களேன்" என்று கேட்டாள். இந்தா தருகிறேன், அந்தா தருகிறேன் என்று இழுத்தடித்துக் கடைசிவரை கொடுக்கவில்லை. என் கஞ்சத்தனத்தால் ஊருக்கு நடந்த ஒரே நன்மை அது.

என் விரல் இடுக்குகள் வெடித்தன. மிளகாய்த்தூளைத் தொட்டால் கண்ணீர் வரும். தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு வேலையைப் பார்த்தேன். அவருடைய கழுத்தில், காலர் படுகிற இடத்தில் சிவப்பாக இருந்ததையும் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கேட்டதற்கு "வேர்க்குரு" என்றார். அந்த வெயிலில் யாருக்குத்தான் வேர்க்குரு இல்லை? முகப்பவுடர் டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். வீட்டில் எப்போதும் வெற்றுடம்போடு துண்டைப் போட்டுக்கொண்டு திரிகிறவர், இப்போது சட்டையைக் கழற்றியதும் பனியனோடு ஒதுங்கிக்கொண்டார். முதுகு தேய்க்க வரவா என்றால் வேண்டாம் என்றார். பேச்சும் குறைந்துபோனது. என் பயம் வேறு எங்கோ மேய்ந்துகொண்டிருந்தது. முதலாளி ஏதோ சொல்லியிருக்கிறார், இவர் மறைக்கிறார் என்று நினைத்தேன்.

"தம்பி ஏதும் சொன்னாகளா?"

"ஒன்னும் சொல்லல."

"சட்டையப் பத்தி?"

"அதான் வெளேர்னு இருக்குல்ல. இன்னும் என்ன?"

இன்னொன்றும் கவனித்தேன். அந்த மாதத்தில் இருந்து சட்டை அழுக்கே ஆகாமல் வந்தது. காலையில் தேய்த்துக் கொடுத்த மடிப்புகூடக் கலையாமல் சாயங்காலம் திரும்பும். காலரில் மட்டும் லேசாக ஒரு கோடு. வேட்டிக்கரையில் தூசி இல்லை. என் சோப்பு அழுக்கையே அண்டவிடாமல் அடிக்கிறது என்று மகளிடம் போனில் பீற்றிக்கொண்டேன். அவளும் "சூப்பர்ம்மா" என்றாள். எவ்வளவு பெரிய மண்டு நான்!

பரளச்சியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் வந்தது. மொய்யோடு ஒரு சேலை வைக்க வேண்டும். அவரிடம் சொல்லிவிட்டால் எடுத்து வந்துவிடுவார், ஆனால் அவருக்கு நிறம் பார்க்கத் தெரியாது. எனக்கும் அவர் அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பதை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும் போல இருந்தது. பார்த்தால் கொஞ்சம் நிம்மதியாகும் என்று தோன்றியது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. சொல்லாமல் கொள்ளாமல் ஏறிவிட்டேன்.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் இடது பக்கம் திரும்பினேன். வேறு யாரோ உட்கார்ந்திருந்தார். சின்ன வயது. வெள்ளைச் சட்டைதான். போய்விட்டது, வேலை போய்விட்டது, இத்தனை நாளும் காலையில் கிளம்பி எங்கேயோ சுற்றிவிட்டு வருகிறார், மகளுக்குப் பணம் எப்படிக் கட்டினார், யாரிடம் கை நீட்டினார், எல்லாம் ஒரே மூச்சில் ஓடியது. சேலைப் பக்கம் நின்ற பெண் என்னை அடையாளம் தெரிந்து, "அண்ணாச்சியத் தேடுறீகளா? அவுக குடோன்ல இருக்காகக்கா" என்றாள்.

கடைக்குப் பின்னால் ஒரு சந்து. அதன் கடைசியில் குடோன். வாசலில் அவருடைய சட்டை ஓர் ஆணியில் ஹேங்கரில் தொங்கியது. வேட்டி மடித்து ஒரு பாலிதீன் பைக்குள் இருந்தது. உள்ளே அவர் பழைய கைலியைக் கட்டிக்கொண்டு, மேலே ஒன்றும் போடாமல், பண்டல் பிரித்துக்கொண்டிருந்தார். முதுகு எனக்கு நேராக இருந்தது. கழுத்து, அக்குள், வேட்டி கட்டுகிற இடுப்புச் சுற்று, எல்லாம் தோல் உரிந்து சிவந்து, சில இடத்தில் நீர் வடிந்து காய்ந்திருந்தது. அவர் திரும்பவில்லை. பண்டல் கட்டியிருந்த பட்டையால் முதுகைச் சொறிந்துகொண்டார்.

நான் "ஏங்க" என்றேன்.

அவர் பதறிப்போய் முதலில் செய்த காரியம், சட்டையை எட்டி எடுத்துப் போட்டுக்கொண்டதுதான். "நீ எதுக்கு இங்க வந்த?" என்றார். "இது எத்தனை நாளா?" என்று கேட்டேன். ரெண்டு மாதம் இருக்கும் என்றார். முன்னால் உட்கார்ந்து சொறிந்துகொண்டே இருந்தாராம். டாக்டரிடம் காட்டினாராம். துணியில் ஏதோ நிற்கிறது, துவைக்கிற பவுடரை மாற்றுங்கள் என்றாராம்.

"தெரிஞ்சுமா சொல்லல?"

"கடைய மூடுனதுல இருந்து நீ சிரிச்சு நான் பாக்கல. அந்தச் சட்டை வெளுத்த அன்னைக்குத்தான் சிரிச்ச. அதப் போயி எப்படி நிறுத்தச் சொல்ல?"

எனக்கு வந்த கோபத்தில் அவரை நாலு அறை அறையலாம் போல இருந்தது. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலவும் இருந்தது. விடுவிடுவென்று முன்கடைக்கு நடந்தேன். அவர் பின்னால் கூப்பிட்டதைக் காதில் வாங்கவில்லை.

முதலாளி கல்லாவில் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். மரியாதை தெரிந்த மனிதர்தான்.

"மதினி, தப்பா நினைச்சுக்கிறாதீக. சம்பளத்துல நான் கை வச்சனா? ஒருத்தரு எடுத்த வேட்டியக் கீழ வச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. பாக்குறவுக ஒட்டுவாரொட்டின்னு நினைப்பாகள்ல?"

"அது சீக்கு இல்ல தம்பி. நான் காய்ச்சுன சோப்பு." இரண்டு கையையும் விரித்து அவர் முன்னால் நீட்டினேன். "இந்தா பாருங்க. சோடா கூடிப்போச்சு. மிச்சம் பிடிக்கப் போயி நான் செஞ்ச வேலை. அவுக மேல ஒரு குத்தமும் இல்ல."

சுற்றி நின்ற வாடிக்கையாளர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தேன். எந்த மானத்துக்காக நான்கு மாதம் கிடந்து வெந்தேனோ, அதை என் கையாலேயே கடை நடுவில் போட்டு உடைத்தேன். முதலாளி என் கையைப் பார்த்தார். "சரியாகட்டும் மதினி. ஆனதும் முன்னால வந்து ஒக்காரட்டும். அந்த எடம் அண்ணனுக்குத்தான்" என்றார்.

வீட்டுக்கு வந்து வெள்ளைத்துணி டின்னைச் சாக்கடையில் கவிழ்த்தேன். போர் தண்ணீரில் சோப்பு கரையாது, தப்பு அந்த முதல் அண்டாவிலேயே நடந்துவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது. வேட்டி சட்டை அத்தனையையும் எடுத்து, நல்ல தண்ணீர்க் குடங்களில் ஒன்றைச் சரித்து, அதில் அலசினேன். இந்த வீட்டுக்கு வந்ததில் இருந்து நான் செய்யாத காரியம் அது. பாக்கெட் பவுடர் வாங்கினேன், முந்தானையைப் போர்த்தாமல் போய் வாங்கினேன். பிறகு தினமும் அவர் முதுகைப் பார்ப்பதே வேலையாயிற்று. டாக்டர் கொடுத்த களிம்பைத் தடவிக்கொண்டே, நேற்றைவிட இன்று சிவப்பு குறைந்திருக்கிறதா, இந்த இடம் காய்ந்துவிட்டதா, அதற்குள் அந்தச் சின்ன வயதுக்காரரையே அங்கே நிரந்தரமாக்கிவிட்டால் என்ன செய்வது என்று மனசு அடித்துக்கொள்ளும். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

மூன்று வாரத்தில் தோல் ஆறிவிட்டது. கழுத்தில் மட்டும் கறுப்பாக ஒரு தழும்பு நின்றது, காலரைப் போட்டால் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சட்டையை நானே இஸ்திரிப் பெட்டி போட்டு, மடித்து அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தேன்.

"தம்பிகிட்டப் போன்ல பேசிட்டேன். நாளையில இருந்து நீங்க முன்னால ஒக்காரலாம்னு சொல்லிட்டாக."

அவர் சட்டையைத் தொடவில்லை.

"வேணாம்" என்றார். "நான் குடோன்லயே இருந்துக்கிறேன்."

எனக்குப் புரியவில்லை. "எல்லாம் ஆறிப்போச்சேங்க. சம்பளம் அதேதான். பின்ன என்ன?"

"ஆறிப்போச்சுதான்." தரையைப் பார்த்தபடி சொன்னார். "முன்னால ஒக்காந்தா நம்ம ஊரு ஆளுக வாராக. திருச்சுழி, வீரசோழன்ல இருந்தெல்லாம் நம்மகிட்டச் சரக்கு எடுத்தவுக வாராக. 'என்ன மொதலாளி, நீங்க இங்கயா'ங்கிறாக. ஒவ்வொருத்தருக்கும் கடைய மூடுன கதைய மொதல்ல இருந்து சொல்லணும். சொல்லிக்கிட்டே சிரிச்சுக்கிட்டே வேட்டிய விரிச்சுக் காட்டணும். அதுக்கு அந்த அரிப்பே தேவலன்னு இருந்துச்சு. அவன் உள்ள போங்கண்ணேன்னு சொன்னப்ப, சத்தியமாச் சொல்றேன், எனக்கு நிம்மதியா இருந்துச்சு."

நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எந்த இடம் போய்விடக் கூடாது என்று நான் வெந்து செத்தேனோ, அந்த இடத்தில் இருந்து தப்பிக்கத்தான் இவர் தோலை உரியக் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறார். அழுகை வந்தது. மறைக்கத் தோன்றவில்லை, அழுதேன். அவர் என் வெடித்த விரல்களைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். கல்யாணமான இத்தனை வருடத்தில் எனக்கு இதெல்லாம் பழக்கமில்லை.

"எனக்கு ஒரு கலர் சட்டை எடுத்துக் குடு" என்றார். "அழுக்குத் தெரியாத கலரா."

மூக்கைத் துடைத்துக்கொண்டு, "என்ன கலரு?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். கடை திறந்த நாளில் இருந்து வெள்ளையைத் தவிர வேறு எதையும் போட்டுப் பார்க்காத மனிதர். ரொம்ப நேரம் யோசித்தும் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.